ஓரத்தில் எழுதிய ஒரு சொல்

அக்கா மகள் என் அலமாரியிலிருந்து எடுத்துப்போன நாவலைப் பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். பிடித்திருந்ததா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்து, "மாமா, இது உங்கள் கையெழுத்துதானே?" என்றாள். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி மங்கிப்போன ஒரே ஒரு சொல்: 'திமிர்'. என் கையெழுத்துதான். ரகரத்தை நீட்டி இழுத்துவிடும் பழக்கம் எனக்கு இருபத்திரண்டு வயதிலேயே இருந்திருக்கிறது. "யாரைச் சொல்லியிருக்கிறீர்கள்? இவளையா?" என்றாள். ஆமாம் என்றேன். "நிலவறையில் பூட்டிக் கிடக்கிற பெண்ணையா?" என்று மறுபடியும் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவளும் வற்புறுத்தவில்லை. சிறிது நேரம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சொல் மட்டும் போகாமல் நின்றுவிட்டது.

நாவல், ஜான் ஃபௌல்ஸின் 'தி கலெக்டர்'. 1963இல் வெளிவந்தது. தலைப்பைக் கேட்டதும் நமக்கு மாவட்ட ஆட்சியர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் இது சேகரிக்கிறவன் ஒருவனின் கதை. ஃபிரெடெரிக் கிளெக் பட்டாம்பூச்சிகளைப் பிடித்துக் கொன்று, ஊசி குத்தி, பெட்டிகளில் வரிசையாக வைப்பவன். நகர மன்ற அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அலுவலகத்துக்கு எதிர்வீட்டுப் பெண் மிராண்டா கிரே. பின்னர் லண்டனில் ஓவியம் படிக்கப் போகிறவள். அவளை அவன் தூரத்திலிருந்து பார்த்துக் குறித்துவைக்கிறான். கால்பந்துப் பந்தயச் சீட்டில் அவனுக்கு 73,000 பவுண்டுக்கு மேல் விழுகிறது. சசெக்ஸில் லூயிஸ் நகருக்கு அருகே, அக்கம்பக்கம் இல்லாத ஒரு பழைய வீட்டை வாங்குகிறான். வீட்டுக்கு அடியில் நிலவறை. ஓர் இரவு ஹாம்ஸ்டெட் தெருவில், தன் வண்டியில் ஒரு நாய் அடிபட்டுவிட்டது என்று பொய் சொல்லி அவளை நிறுத்தி, குளோரோஃபாம் துணியை முகத்தில் அழுத்தித் தூக்கிவந்துவிடுகிறான். ஏறக்குறைய இரண்டு மாதம் அங்கே வைத்திருக்கிறான். முடிவைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அவள் அங்கேயே இறந்துபோகிறாள்.

இந்தக் கதைக்கு விதையாக இரண்டை ஃபௌல்ஸ் சொல்லியிருக்கிறார். ஒன்று, மனைவியரைக் கோட்டைக்குள் அடைத்துவைக்கும் நீலத்தாடிக் கோமகனைப் பற்றிய பார்ட்டோக்கின் இசைநாடகம். மற்றொன்று, ஒரு பெண்ணைப் பிடித்துத் தோட்டத்துக் கடைசியிலிருந்த வான்தாக்குதல் பதுங்குகுழியில் அடைத்துவைத்த இளைஞனைப் பற்றிய செய்தி. முன்னதில் அடைப்பவன் கோமகன்; பின்னதில் யாரோ ஒரு பையன். ஃபௌல்ஸ் அந்தப் பையனை எடுத்துக்கொண்டார். அங்கேதான் நான் விழுந்தேன்.

அவன் பேசும் விதம்

கிளெக் கத்துவதில்லை. பல்லைக் கடிப்பதில்லை. தயங்கித் தயங்கி, மன்னிப்புக் கேட்கிற தொனியில், நடந்ததை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போகிறான். அப்பா குடித்துவிட்டு வண்டியோட்டிச் செத்துப்போனார். அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டாள். அத்தை வீட்டில் வளர்ந்தவன். பணம் வந்தபின் அத்தையையும் அவள் மகளையும் அழைத்துக்கொண்டு லண்டனில் பெரிய விடுதிக்குப் போகிறான். அங்கே பரிமாறுகிறவர்கள் தன்னை மேலிருந்து கீழாகப் பார்த்ததைச் சொல்கிறான். கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், வாயைத் திறந்தால் நாம் யார் என்று தெரிந்துவிடுகிறது என்பது அவன் வலி. முதல் வேலைக்குச் சேர்ந்து, எந்த இடத்தில் எப்படி நிற்பது, யாரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்த வயதில் நான் அதைப் படித்தேன். அந்தப் பக்கம் முழுக்க அடிக்கோடு போட்டிருக்கிறேன். அந்த வலி பொய்யில்லை; இன்றைக்கும் அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே மெல்லிய குரலில்தான் அவன் மற்றதையும் சொல்கிறான். கைதி என்று சொல்வதில்லை, விருந்தாளி என்கிறான். அவள் அளவுக்கு உடைகள் வாங்கி வைத்திருந்தேன், அவளுக்குப் பிடித்த ஓவியப் புத்தகங்களை வாங்கி வைத்திருந்தேன், கேட்டதைச் சமைத்துக் கொடுத்தேன், அவளைத் தொடவில்லை, வேறொருவனாக இருந்தால் என்னென்ன செய்திருப்பான் என்று அடுக்குகிறான். தான் செய்யாத கொடுமைகளையெல்லாம் தன் வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறவன் அவன். அந்தக் கணக்கை நானும் கூடவே உட்கார்ந்து கூட்டிக்கொடுத்திருக்கிறேன். 'பாவம், நல்லபடியாகத்தான் பார்த்துக்கொள்கிறான்' என்று மனதுக்குள் நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. செய்தித்தாள், வானொலி, பகல் வெளிச்சம் இவை மூன்றும் அவளுக்கு மறுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் அதே பக்கங்களில்தான் இருக்கிறது. எனக்கு அது கண்ணில் படவில்லை. படாதபடி அவன் சொல்கிறான். அவன் சொல்வதைக் கேட்டுப் பழகியிருந்தேன்.

நாவலின் அமைப்பு இதற்குத் துணை போகிறது. முதல் பாதி முழுக்க கிளெக்கின் வாய்மொழி. கடத்தல், நாலு வாரத்தில் விட்டுவிடுவேன் என்ற வாக்கு, அதைக் காப்பாற்றாதது, அவளுடைய தப்பிக்கும் முயற்சிகள், அவள் நோயில் விழுவது வரை அவனே சொல்லிவிடுகிறான். அதன்பிறகுதான் மிராண்டாவின் நாட்குறிப்பு வருகிறது. அடைபட்ட ஏழாம் இரவிலிருந்து அவள் ரகசியமாக எழுதிவந்தது. நமக்குத் தெரிந்த அதே நாட்கள், மறுபடியும். முதல் வாசிப்பில் எனக்கு அது இழுவையாக இருந்தது. ஜி.பி. என்று அவள் குறிப்பிடும் மூத்த ஓவியர் ஒருவரைப் பற்றிய நினைவுகள், கலையைப் பற்றிய வாதங்கள், தன்னைப் பற்றிய ஆராய்ச்சிகள். கதை நின்றுவிட்டதே என்று பக்கங்களைத் தள்ளினேன். அடைபட்டுக் கிடக்கிறவளின் நாட்கள் நகராமல்தானே இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

அன்று இரவு எண்ணிப் பார்த்தது

அக்கா மகள் போனபின் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன், வாசிக்க இல்லை, என் பென்சிலைத் தேடி. கிளெக் பேசும் முதல் பகுதியில் இருபத்தேழு இடங்களில் அடிக்கோடு. சிலவற்றில் இரட்டைக் கோடு. ஓரிடத்தில் 'எவ்வளவு தனிமை!' என்று எழுதி ஆச்சரியக்குறி வேறு. மிராண்டாவின் நாட்குறிப்பில் ஓர் அடிக்கோடுகூட இல்லை. அந்தப் பகுதி முழுவதிலும் நான் வாசித்ததற்கு அடையாளமாக இருப்பது அந்த ஒற்றைச் சொல்தான்.

நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொருவர் எழுதியதாக இருந்தால் எவ்வளவு எளிதாகக் கண்டித்திருப்பேன். அவள் அவனுடைய வீட்டுச் சாமான்களின் ரசனையை, அவன் பேசும் விதத்தை, அவன் உடுத்துவதை எள்ளிப் பேசும் இடம் அது. தன் பெயர் ஃபெர்டினாண்ட் என்று அவன் சொல்கிறான். அவள் அவனுக்குக் காலிபன் என்று பெயர் வைக்கிறாள். இரண்டும் ஷேக்ஸ்பியரின் ஒரே நாடகத்துப் பெயர்கள், முன்னது காதலன், பின்னது அடிமையாக்கப்பட்ட காட்டுமனிதன். அந்தக் கேலி என்னைச் சுட்டது. நான் கிளெக்கின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு வாசித்தேன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அவள் அவனை ஏளனம் செய்தபோது எனக்கு ரோஷம் வந்திருக்கிறது. அவன் கதவைப் பூட்டிய ஒவ்வொரு முறையும் எனக்கு எதுவும் வரவில்லை.

இதில் எனக்குச் சாதகமாக ஒரு சாட்சியம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பின்னாளில் ஒரு கட்டுரை நூலின் முன்னுரையில் ஃபௌல்ஸே மிராண்டாவைப் பற்றி ஏறக்குறைய இதே தீர்ப்பைச் சொல்கிறார். கருத்துகளில் கர்வம் கொண்டவள், மேட்டிமைத்தனம் உடையவள், பல்கலைக்கழக மாணவர்கள் பலரையும் போல என்கிறார். கிளெக்கின் தீமையில் அவன் வளர்ந்த சூழலுக்கும் போதாத கல்விக்கும் பங்குண்டு என்றும் சொல்கிறார். ஆகவே என் பென்சில் குறிப்பு தவறில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழி இருந்தது. ஆனால் அதே இடத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: அவள் சாகாமல் இருந்திருந்தால் மேலான ஒருத்தியாக வளர்ந்திருக்கக்கூடும். என்னை நிறுத்தியது அதுதான். இருபது வயதின் கர்வம் வாழ்ந்து வாழ்ந்து கரைய வேண்டியது. எனக்குக் கரைந்திருக்கிறது, என்னைச் சுற்றி எத்தனையோ பேருக்குக் கரைந்திருக்கிறது. உண்மையில் அவளுக்கும் அந்த நாட்குறிப்பிலேயே கரையத் தொடங்கிவிட்டது. தான் எவ்வளவு மேட்டிமையோடு பேசுகிறேன் என்று அவளே தன்னைக் கடிந்துகொள்ளும் இடங்கள் இருக்கின்றன. நான் தள்ளிவிட்ட பக்கங்களில்.

இன்னொன்றும் இருக்கிறது. சுவர், கதவு, உணவு, குளிக்கும் நேரம், காற்று என்று எல்லாமே அவன் கையில் இருக்கும்போது, அவன் கைக்கு அகப்படாததாக அவளிடம் மிஞ்சியது அந்த ஏளனம்தான். அதையும் நான் அவளிடம் விட்டுவைக்கவில்லை.

ஏன் தப்பிக்கவில்லை என்ற கேள்வி

அடைபட்ட பெண்ணைப் பற்றிய திகில் நாவல்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். எதைப் படித்தாலும் வாசகனாக நான் ஒரு பயிற்சியாளனைப் போல உட்கார்ந்துவிடுகிறேன். கதவு திறந்திருந்ததே, கத்தியிருக்கலாமே, கையில் கிடைத்ததை எடுத்து மண்டையில் போட்டிருக்கலாமே. மிராண்டா செய்யாததா? பழைய ஆணி ஒன்றை வைத்துச் சுவரைத் தோண்டுகிறாள். குடல்வால் அழற்சி வந்ததுபோல நடிக்கிறாள். பெற்றோருக்கு எழுத அனுமதித்த கடிதத்துக்குள் துண்டுச் சீட்டை ஒளித்துவைக்கிறாள். சிறு கோடாலி ஒன்று கையில் கிடைத்தபோது அவனை அடிக்கவும் அடிக்கிறாள். ஆனால் முழு வேகத்தோடு இன்னொரு அடி அடிக்க அவளால் முடியவில்லை. ஒருவனைக் கொல்வதற்குத் தன் கை வரவில்லை என்று அன்றைக்கு எழுதுகிறாள். அசடு என்று நான் நினைத்தேன். கொலை செய்ய வராததை ஒரு பெண்ணின் குறையாக எண்ணினேன். கடைசியில் அவனை நெருங்கிவந்து பார்க்கிறாள். அன்றோடு அவன் கண்ணில் அவள் மதிப்பிழந்துவிடுகிறாள். மற்றப் பெண்களைப் போலத்தான் நீயும் என்கிறான். அவன் அதைச் சொன்ன இடத்திலும் என் அடிக்கோடு இருக்கிறது. ஏன் போட்டேன் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

அவனிடமிருந்து தொற்றிய சளி நிமோனியாவாக முற்றுகிறது. மருத்துவரை அழைக்கப் போகிறவன், காத்திருப்போர் அறையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறான். நாட்குறிப்பு, என்னைச் சாகவிடாதே என்ற இறைஞ்சலோடு நின்றுபோகிறது. அந்த இடத்தில் நான் அழுதேன். முதல் வாசிப்பிலேயே அழுதேன். இத்தனை வருடங்களாக அந்த அழுகையை ஆதாரமாக வைத்துத்தான், இந்த நாவலை நன்றாக வாசித்தவன் என்று என்னைப் பற்றி நினைத்துவந்தேன். உயிரோடு இருந்து, சாப்பிட்டு, குளித்து, எரிச்சல்பட்டு, அவனைக் கேலி செய்து, சில சமயம் சிரித்துக்கொண்டும் இருந்தவரை அவள்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. சாகத் தொடங்கிய பிறகுதான் வந்தது.

இதை நினைத்தபோது கம்பன் நினைவுக்கு வந்தான். அசோகவனத்துச் சீதையை நாம் எல்லோரும் அழுதுதான் படிக்கிறோம். உலகங்கள் அனைத்தையும் என் சொல்லினால் சுடுவேன், அது இராமனின் வில்லுக்கு மாசு என்று விட்டுவைத்தேன் என்று அனுமனிடம் அவள் சொல்லும் இடத்தில் சிலிர்க்கிறோம். ஆனால் யுத்த காண்டத்தின் மீட்சிப் படலத்தில், விடுதலையாகி வந்து நிற்பவளிடம் இராமன் கேட்பது என்ன? அரக்கன் ஊரில் உணவை விரும்பி உண்டாயே என்கிறான். 'மாண்டிலை' என்கிறான். நீ சாகவில்லையே என்பது குற்றச்சாட்டு. பள்ளி நாட்களிலிருந்து தெரிந்த பாட்டு. அந்தக் கடுஞ்சொல்லைப் படிக்கும்போதெல்லாம் கேட்கத் தகாததைக் கேட்டதுபோலத் துடித்திருக்கிறேன். அதே சொல்லைத்தான் நான் மிராண்டாவிடம் வேறு எழுத்துகளில் எழுதிவைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

காவியத்திலும் நாவலிலும் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். ஆஸ்திரியாவின் நடாஷா காம்புஷ் 1998இல் பத்து வயதில் கடத்தப்பட்டு, 3,096 நாட்கள் அடைபட்டிருந்து, 2006 ஆகஸ்டில் தானாகவே ஓடித் தப்பினார். வெளியே வந்தவரைக் கட்டிப்பிடித்து அழுத அதே உலகம், அவர் அழாமல், தெளிவாக, சொந்தக் கருத்தோடு பேசத் தொடங்கியதும் முகம் சுளித்தது. கடத்தியவனைப் பற்றி அவர் ஒரே வண்ணத்தில் பேசவில்லை என்பதற்காக, அடைத்துவைத்தவனிடமே பற்று வைத்துவிடும் மனநிலையைக் குறிக்கும் 'ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்' என்ற பெயரைச் சூட்டினார்கள். அவர் அதை மறுத்தார். தான் பட்டதைத் தானே விளக்கும் உரிமையை அந்தப் பெயர் பறிக்கிறது என்பது அவர் வாதம். அந்தப் பெயர் பிறந்த கதையும் இப்படித்தான். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமின் நோர்மால்ம்ஸ்டோர்க் சதுக்கத்து வங்கியில் ஆறு நாள் பிணைக்கைதியாக இருந்த கிறிஸ்டின் என்மார்க், உள்ளே இருந்தவனைவிட வெளியே துப்பாக்கியோடு நிற்கும் போலீசைக் கண்டு அதிகம் பயப்படுவதாகப் பிரதமரிடமே தொலைபேசியில் சொன்னார். அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்ததா என்று பார்ப்பதைவிட, அவருடைய மனதில் கோளாறு என்று சொல்வது எளிதாக இருந்தது.

நாவலுக்கே திரும்புகிறேன். 1965இல் வில்லியம் வைலர் இதைப் படமாக எடுத்தார். டெரன்ஸ் ஸ்டாம்புக்கும் சமந்தா எக்கருக்கும் கான் திரைப்பட விழாவில் நடிப்புக்கான விருதுகள் கிடைத்தன. நல்ல படம்தான். ஆனால் அது கிளெக்கின் குரலில் தொடங்கி அவன் குரலிலேயே முடிகிறது. மூத்த ஓவியராக நடித்தவரின் காட்சிகளைக்கூட வெட்டிவிட்டார்கள். எது இழுவை என்று நான் தள்ளினேனோ அதையே அவர்களும் தள்ளியிருக்கிறார்கள். இதைவிடப் பயங்கரமானது வேறொன்று. 1980களில் கலிஃபோர்னியாவில் பெண்களை அடைத்துவைத்துக் கொன்ற லெனார்ட் லேக் என்பவன் தன் திட்டத்துக்கு 'ஆபரேஷன் மிராண்டா' என்று பெயர் வைத்திருந்தான். அவன் இந்த நாவலில் ஊறியவன். புத்தகம் ஒருவனைக் கொலைகாரனாக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவனும் முதல் பாதியைத்தான் வாசித்திருக்கிறான் என்று உறுதியாக நம்புகிறேன். நானும் அதைத்தான் வாசித்திருந்தேன் என்பது என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டுக்கும் நடுவே மலையளவு தூரம் உண்டு, தெரியும். தெரிந்தும் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் அக்கா மகளைத் தொலைபேசியில் அழைத்து, நீ கேட்டது சரி என்றேன். அந்தச் சொல்லை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "அது எதற்கு, மாமா? அடுத்து வாங்கிப் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும்" என்றாள். அழிக்கவில்லை.

நாட்குறிப்பை மட்டும் தனியாக எடுத்து, முதல் பகுதியைத் தொடாமல், ஒரு நாளைக்கு ஒரு தேதியாக வாசித்துவருகிறேன். அவள் எழுதிய வேகத்தில். கிளெக்கின் குரல் முன்னால் இல்லாதபோது அவள் எவ்வளவு வேறாகத் தெரிகிறாள்! உரையாடல்களை நாடகம் போல எழுதுகிறாள், மி. என்று தன்னையும் கா. என்று அவனையும் போட்டு. வேறு யாரும் பேச இல்லாத அறையில் ஒரு மேடையை உண்டாக்கிக்கொள்கிறாள். தொடக்க நாட்களில் ஓரிரவு அவன் அவளைக் கொஞ்ச நேரம் வெளியே அழைத்துவருகிறான், கையைக் கட்டி, வாயை அடைத்து. இருட்டு. சில நட்சத்திரங்கள். எங்கோ ஓர் ஆந்தை. மேலே ஒரு விமானம் போகிற ஒலி. அதிலே உட்கார்ந்திருக்கிறவர்களை அவள் நினைத்துக்கொள்கிறாள். இந்தப் பக்கத்தை இருபத்திரண்டு வயதில் நான் கடந்து போயிருக்கிறேன். கோடு எதுவும் இல்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்த விமானத்தின் அடியில் மெதுவாக ஒரு கோடு போட்டேன்.